வெள்ளிப் பூச்சுக்குக் கீழே ஒளிந்திருந்த கோடு

என் அலமாரியில் ஒரு பி-51டி மஸ்டாங் நிற்கிறது, இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்கப் போர் விமானத்தின் பிளாஸ்டிக் மாடல். 1/48 அளவு, உடம்பு முழுக்க வெள்ளிப் பூச்சு. பூசி முடித்த அன்று மூக்கிலிருந்து வால்வரை வழவழவென்று இருந்தது. மூன்று வாரம் கழித்துத் தூசி தட்ட எடுத்தேன். முதுகின் நட்டநடுவே, உடலின் இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில், தலைமுடி கனத்துக்கு ஒரு பள்ளம் ஓடியது. பெயின்ட் வெடிக்கவில்லை, உரியவும் இல்லை. அடியில் இருந்த பிளாஸ்டிக்கோடு சேர்ந்து அதுவும் உள்ளே இறங்கியிருந்தது.

அதே கிட், அதாவது ஒட்டிக் கட்ட வேண்டிய பாகங்கள் அடங்கிய பெட்டி, இன்னொன்று பிரிக்காமல் கிடந்தது. யார் தயாரிப்பு என்பது இங்கே வேண்டாம், பாகங்களை வார்க்கும் மோல்டுக்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான். பாகங்களின் ஓரமெல்லாம் பிசிறு, இறக்கை சேருமிடத்தில் இடுக்கு, அடிவயிற்றில் ஒரு படி. பட்டி பார்க்கப் பழக இதைவிட நல்ல கிட் கிடைக்காது என்று அதைக் கையில் எடுத்தேன். இந்த முறை எந்த இடுக்கை எதை வைத்து அடைத்தேன், எங்கே சொதப்பினேன் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே கட்டினேன். மொத்தம் ஐந்து வாரம் ஆனது. அதில் பாதிக்கு மேல் காயட்டும் என்று சும்மா இருந்த நாட்கள்.

தாளை வைத்து அளந்தது

பசை பாட்டிலைத் திறக்காமல், எல்லாப் பெரிய பாகங்களையும் மாஸ்கிங் டேப்பால் கட்டி ஒரு பொம்மை விமானம் செய்துகொண்டேன். வலப்பக்க இறக்கையும் உடலும் சேருமிடத்தில் வெளிச்சம் தெரிந்தது. எவ்வளவு என்று பார்க்க என்னிடம் ஃபீலர் கேஜ் கிடையாது. பிரின்டரில் போடும் சாதாரணத் தாள் ஒன்று ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் கனம். அதைக் குறுகலாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடுக்கில் செருகிப் பார்த்தேன். வலப்பக்கம் எட்டுத் தாள் போனது, இடப்பக்கம் ஐந்து. எட்டுத் தாள் என்றால் 0.8 மில்லிமீட்டர். கேட்கச் சின்னதாக இருக்கிறது, ஆனால் 48-ஆல் பெருக்கினால் நிஜ விமானத்தில் கிட்டத்தட்ட நான்கு சென்டிமீட்டர். மெக்கானிக் இரண்டு விரலை உள்ளே விட்டுவிடலாம்.

முன்பெல்லாம் இந்த இடத்தில் கை நேராகப் புட்டி ட்யூப்புக்குத்தான் போகும். 0.8 மில்லிமீட்டருக்குப் புட்டி திணித்தால் காயும்போது சுருங்கும். சுருங்கினதற்கு மேலே இன்னொரு பூச்சு, அதைத் தேய்க்கும்போது பக்கத்தில் இருக்கும் ரிவெட்டும் (ஆணித்தலைப் புள்ளி) பேனல் கோடும் (தகடுகள் சேரும் கோடு) சேர்ந்து போகும், போனதை மறுபடி கீற வேண்டும். ஒரு இடுக்கில் தொடங்கி நான்கு வேலை. அதனால் இந்தத் தடவை, இடுக்கு ஏன் வந்தது என்று தெரிகிறவரை ட்யூப்பைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

காரணம் தேடிப் பார்த்ததில் பாதி அங்கேயே கிடைத்தது. ஸ்ப்ரூவிலிருந்து, அதாவது பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து, வெட்டிய இடத்தில் குட்டிக் குட்டி மேடுகள், பாகம் ஒட்டும் முகத்திலேயே நின்றன. இருபுறமும் பொருந்த வேண்டிய முளைகளில் இரண்டு, துளைக்கு நேராக இல்லாமல் பாதிகளைக் கோணலாக இழுத்தன. முளைகளை வெட்டி எறிந்துவிட்டேன், விரலால் தடவிச் சரிசெய்தாலே போதும். 400 நம்பர் உப்புத்தாளை ஒரு கண்ணாடித் துண்டின்மேல் ஒட்டி, உடலின் இரண்டு பாதிகளையும் அதன்மேல் எட்டுப் போடுவதுபோல நான்கைந்து சுற்று தேய்த்தேன். எங்கே பளபளப்பு மாறாமல் இருக்கிறதோ அங்கே பள்ளம் என்று அர்த்தம். ரொம்பத் தேய்த்தால் உடல் ஒல்லியாகிவிடும், காக்பிட் உள்ளே போகாது. பளபளப்பு போனதும் நிறுத்திவிட வேண்டும்.

முதுகு

முதல் மஸ்டாங்கில் பள்ளம் விழுந்தது ஏன் என்று இந்தக் கட்டத்தில்தான் உருப்படியாக யோசித்தேன். நாம் பசை என்று சொல்வது பாலிஸ்டைரீனுக்குக் கரைப்பான். அது இரண்டு விளிம்பையும் இளக்கி ஒன்றோடு ஒன்று கலக்க விடுகிறது, அப்புறம் ஆவியாகிப் போகிறது. மேலே தொட்டால் ஒரு மணி நேரத்தில் இறுகிவிடும். ஆனால் விளிம்பின் உள்ளே கரைப்பான் இன்னும் இருக்கும், அது இருக்கிறவரை பிளாஸ்டிக் கொஞ்சம் உப்பியே நிற்கும். அந்த உப்பலைச் சமமாகத் தேய்த்து, அதன்மேல் பெயின்ட்டும் அடித்துவிட்டால், மீதிக் கரைப்பான் நாள்கணக்கில் மெல்ல வெளியேற, உப்பல் வற்றிப் பள்ளமாகிறது. நான் செய்தது அதேதான். சாயங்காலம் ஒட்டினேன், ராத்திரியே தேய்த்தேன். ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை.

இந்த முறை கெட்டியான பசையை இரண்டு விளிம்பிலும் தடவி, பதினைந்து இருபது எண்ணும்வரை விட்டு, பாதிகளைச் சேர்த்து அழுத்தினேன். இளகிய பிளாஸ்டிக் ஒட்டு நெடுகிலும் பிதுங்கி, மெல்லிய நூல் மாதிரி எழுந்து நின்றது. அந்த நூல்தான் வேண்டியது. இடுக்கை அடைப்பது அதே பாகத்தின் பிளாஸ்டிக், வேறு எந்தப் புட்டியும் அவ்வளவு பொருந்தாது. அதைத் தொடாமல், துடைக்காமல், டேப் போட்டுக் கட்டி ஒரு பெட்டிக்குள் வைத்து மூடினேன். கண்ணில் படுகிற இடத்தில் இருந்தால் கை சும்மா இருக்காது.

நான்காம் நாள் எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தேன், பசை வாடை லேசாக இருந்தது. மறுபடி பெட்டிக்குள். ஆறாம் நாள் வாடை இல்லை.

பிதுங்கலை எடுக்க நேராக உப்புத்தாள் போடவில்லை. கட்டர் பிளேடைச் செங்குத்தாக நிறுத்தி, வெட்டும் திசையில் தள்ளாமல் பின்னோக்கி இழுத்துச் சுரண்டினேன். சுருள் சுருளாக வந்தது. உப்புத்தாளை விரலால் அழுத்தித் தேய்த்தால் வளைந்த முதுகில் ஒரு தட்டை விழும். வெள்ளிப் பூச்சில் அந்தத் தட்டை ஒரு பட்டையாக மின்னும். கடைசியாக 600, பிறகு 1000 நம்பர் தாளை ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து, தண்ணீர் தொட்டு, ஷூவுக்குப் பாலிஷ் போடுபவர் துணியை இரண்டு கையாலும் இழுப்பாரே, அப்படி முதுகின்மேல் போட்டு இழுத்தேன். வளைவு அப்படியே நின்றது. தண்ணீர் தொட்டுத் தேய்ப்பதில் இன்னொரு நன்மை, தூள் காற்றில் பறப்பதில்லை. உலர்ந்த நிலையில் தேய்த்தால் முகமூடி போட்டுக்கொள்ளுங்கள்.

இன்ஜின் மூடி இருக்கும் மூக்குப் பகுதியில் இந்தக் கோடு துளியும் தெரியக்கூடாது. நிஜத்தில் அங்கே மேலே இருப்பது இடமிருந்து வலமாக வளைந்து வரும் ஒரே தகடு. கிட்டின் ஒட்டு அதன் நடுவே ஓடுவது அச்சு வார்க்கும் வசதிக்காக மட்டுமே.

இறக்கை

உடல் ஒட்டிய பிறகும் வலப்பக்கம் ஏழு தாள் போனது. உடலின் சுவர், இறக்கை உட்காரும் இடத்தில் உள்நோக்கிக் குழிந்திருந்தது. இதற்குச் செய்தது மிக எளிது. ஸ்ப்ரூ சட்டத்தில் ஒரு துண்டை வெட்டி, அடிப்பக்கத் திறப்பு வழியே உடலுக்குள் குறுக்காக நிறுத்தி, இரண்டு சுவரையும் வெளியே தள்ள வைத்தேன். முதலில் வெட்டியது குட்டை, இரண்டாவது நீளம், அது உடலையே விரித்து முதுகு ஒட்டைத் திறக்கப் பார்த்தது. மூன்றாவதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துக் கொண்டுவந்தேன். டக்கென்று உட்கார்ந்தது. இப்போது வலப்பக்கம் நான்கு தாள், இடப்பக்கம் இரண்டு. ஒரு துளி புட்டி இல்லாமல் இடுக்கில் பாதி காணாமல் போனது.

மீதிக்கு டேப். இறக்கையின் ஒரு நுனியில் ஒட்டி, உடலின் மேலாகக் கொண்டுபோய், மறு நுனியில் இழுத்து ஒட்டினேன். இறக்கைகள் லேசாக மேலே தூக்க, வேர்ப்பகுதி இடுக்கு மூடிக்கொண்டு வரும். இழுவையில் ஆசை கூடாது. மஸ்டாங்கின் இறக்கைக்கு ஒரு சாய்வு உண்டு, அதற்குமேல் தூக்கினால் முன்னாலிருந்து பார்க்கையில் பறவை சிறகடிப்பதுபோல இருக்கும். முன்பக்க வரைபடத்தை 1/48-க்கு அச்சடித்து, அதன்மேல் நிறுத்திப் பார்த்துத்தான் பசை விட்டேன். தண்ணீர்போல ஓடும் மெல்லிய கரைப்பான் பசையை, நீர்ப்பசையை, தூரிகை நுனியில் தொட்டு ஒட்டின்மேல் வைத்தால் அது தானே இடுக்கு நெடுக ஓடிவிடும். டேப்புக்கு அடியிலும் ஓடிவிடும் என்பதை மறந்தேன். இடப்பக்கம் கட்டைவிரல் அளவுக்கு டேப்பின் தடம் பிளாஸ்டிக்கில் பதிந்து, அதைத் தேய்த்து எடுக்க ஒரு மாலை போனது.

இடப்பக்கம் முழுசாக மூடிவிட்டது. வலப்பக்கம் இரண்டரைத் தாள் மிச்சம். அதற்கு 0.25 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகட்டில் ஒரு கீற்று வெட்டி, இடுக்கில் செருகி, நீர்ப்பசை விட்டு, மறுநாள் மேலே நீட்டிக்கொண்டிருந்ததைப் பிளேடால் சீவினேன். அடைத்த பொருளும் அடைபட்ட பொருளும் ஒன்றே என்பதால் சுருங்காது, விரியாது, தேய்க்கும்போது ஒன்றுபோலவே தேயும்.

கீற்றின் ஓரத்தில் நின்ற மயிரிழை இடைவெளிக்குத் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் புட்டி. இதைத் தேய்க்கவே வேண்டாம். ஊசிமுனை வழியே கோட்டில் விட்டு, ஈரப் பஞ்சுக் குச்சியால் ஒரே இழுப்பாகத் துடைத்தால், உபரி குச்சியோடு வந்துவிடும், கோட்டுக்குள் வேண்டியது மட்டும் தங்கும். ரிவெட் ஒன்றுகூடச் சாகவில்லை. இந்த இடத்துக்கு இதுதான் சரி என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. இறக்கையும் உடலும் சேருமிடத்தில் நிஜ மஸ்டாங்கில் வளைந்த ஃபில்லெட் தகடு இருக்கிறது, அதன் விளிம்பு ஒரு கோடாகத் தெரியும். கிட்டின் ஒட்டும் அந்த விளிம்போடுதான் போகிறது. ஆக, அங்கே கோட்டை அழிக்கக்கூடாது. வாய்க்காலாக இருந்தது பென்சில் கோடாகச் சிறுத்தால் போதும்.

அடிவயிறு வேறு கதை. இறக்கையின் பின்விளிம்பு உடலோடு சேரும் இடத்தில் இடுக்கே இல்லை. ஆனால் உடல் அரை மில்லிமீட்டர் தாழ்ந்து ஒரு படி நின்றது. படியைப் புட்டியால் நிரப்பினால் அது சரிவாகும், சமமாகாது. ஒட்டுவதற்கு முன்பே பார்த்திருந்ததால் தப்பித்தேன். இறக்கைப் பாகத்தின் உட்புறம் இரண்டு பிளாஸ்டிக் நாக்குகளை ஒட்டி, உடலின் உதடு அவற்றின்மேல் ஏறி உட்காரும்படி செய்தேன். முன்பக்கம் தாடைக்குக் கீழே இருந்த ஆங்கில வி போன்ற பள்ளத்துக்கு மட்டும், ஸ்ப்ரூவைப் பொடியாக நறுக்கி நீர்ப்பசையில் ஊறப்போட்டுச் செய்த கூழ். தேன் பதத்தில் இருக்கும், அருமையாக இறங்கும். காய ஒரு வாரம் பிடித்தது. மெல்லிய பாகத்தில் இதைக் கொட்டிவிடாதீர்கள், கரைப்பான் அதிகம் என்பதால் பாகமே நெளிந்துவிடும்.

சூப்பர் குளூ செய்த வேலை

கீழ்ப்பக்க மூக்கு ஒட்டில் ஒரு இடம் பிதுங்கல் வராமல் வெறும் கோடாகவே நின்றது. சூப்பர் குளூவைக் கம்பி நுனியில் தொட்டு நிரப்பினேன். நேரமாகிவிட்டது, காலையில் தேய்க்கலாம் என்று படுத்துவிட்டேன். காலையில் தேய்த்தால் குளூ தேயவில்லை, இருபுறமும் இருந்த பிளாஸ்டிக்தான் தேய்ந்தது. அரை மணி நேரம் விடாமல் தேய்த்ததில், கோடு இருந்த இடத்தில் ஒரு வரப்பும், வரப்புக்கு இரண்டு பக்கமும் வாய்க்காலும் தயார்.

சூப்பர் குளூ முதல் ஒரு மணி நேரத்தில் பிளாஸ்டிக் அளவுக்கே மென்மையாக இருக்கும், அதற்குள் தேய்த்துவிட வேண்டும். ஒரு நாள் விட்டால் பிளாஸ்டிக்கைவிடக் கடினம். வரப்பைப் பிளேடால் சீவி எடுத்துவிட்டு, இரண்டாம் முறை குளூவில் சிட்டிகை டால்கம் பவுடர் கலந்து குழைத்துத் தடவினேன். பவுடர் சேர்ந்தால் அவ்வளவு கல்லாக இறுகாது. இருபது நிமிடத்தில், மெல்லிய கட்டையில் ஒட்டிய 400 நம்பர் தாளால் தேய்த்தேன். கட்டை இருப்பதால் தாள் மேட்டை மட்டும் தொட்டது. குளூவைச் சீக்கிரம் இறுகவைக்கும் ஸ்பிரேயைத் தாராளமாக அடித்தால் உள்ளே குமிழி வரும், தேய்க்கையில் குமிழியெல்லாம் ஓட்டையாகத் திறக்கும். அதையும் இதே மூக்கில்தான் கற்றுக்கொண்டேன்.

அதே சமயம், அடைத்த இடத்தின் குறுக்கே பேனல் கோடு கீற வேண்டியிருந்தால் எனக்குச் சூப்பர் குளூதான். ட்யூப் புட்டி ஊசி பட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்து கோட்டின் விளிம்பு கடித்ததுபோல ஆகிவிடும். ட்யூப் புட்டியை இந்த விமானத்தில் பயன்படுத்தியது ஒரே இடம், சக்கரக் கதவின் உட்புறம், பாகத்தை அச்சிலிருந்து வெளியே தள்ளும் முனை பதித்த வட்டத் தடங்களுக்கு. ஆழம் குறைவு, கீறல் வேலை இல்லை, இரண்டு மெல்லிய பூச்சில் முடிந்தது.

நிஜ விமானத்துக்கே பட்டி பார்த்திருக்கிறார்கள்

இறக்கை மேற்பரப்புக்கு வந்தபோது வேலை தலைகீழானது. மஸ்டாங்கின் இறக்கை லாமினார் ஓட்டத்துக்காக வடிவமைக்கப்பட்டது. காற்று சலசலக்காமல் படிந்து ஓட வேண்டுமென்றால் பரப்பு வழவழப்பாக இருக்க வேண்டும். அதனால் தொழிற்சாலையிலேயே இறக்கையின் முன்பகுதியில் ரிவெட்டையும் தகட்டு இணைப்புகளையும் புட்டியால் நிரப்பி, தேய்த்து, மேலே வெள்ளி நிற பெயின்ட் அடித்து அனுப்பினார்கள். உடல் வெறும் உலோகம், இறக்கை பெயின்ட் அடித்த வெள்ளி. இரண்டும் ஒரே மாதிரி மின்னாது.

இந்தக் கிட்டிலோ இறக்கை முழுக்க ஆழமான கோடுகள். அத்தனை நாள் கோடுகளைக் காப்பாற்றக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவன், இப்போது நல்ல கோடுகளை வேண்டுமென்றே அடைக்க உட்கார்ந்தேன். துப்பாக்கி மூடி, எரிபொருள் மூடி போன்று திறக்கிற இடங்களை விட்டுவிட்டு, மற்றதில் மிஸ்டர் சர்ஃபேசர் 500 என்ற திரவப் புட்டியைத் தூரிகையால் இழுத்தேன். அரை மணி கழித்து ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் மேற்பரப்பைத் துடைத்தேன். கோட்டுக்குள் இறங்கியது நின்றது, மேலே இருந்தது போனது. ஆழமான கோடுகளுக்கு மூன்று சுற்று. ஜன்னலைத் திறந்து வைத்தும் தலை கனத்தது. ஒரே நாளில் இரண்டு இறக்கையையும் முடிக்க நினைத்தது தப்பு.

சோதனை

வெள்ளிப் பெயின்ட் எதையும் மன்னிக்காது, அதனால் அதையே சோதனைக்கு வைத்துக்கொண்டேன். ஒட்டு நெடுகிலும் மட்டும் மலிவான வெள்ளியை மெல்லப் பூசி, விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பரப்போடு படுக்கவைத்துப் பார்த்தேன். நேர் வெளிச்சத்தில் ஒன்றுமில்லாத இடத்தில் நிழல் நீளமாக விழுந்தது. மூக்கின் கீழே இரண்டு, வாலின் அருகே ஒன்று. அடுத்து கண்ணை மூடிக்கொண்டு நகத்தை ஒட்டுக்குக் குறுக்கே இழுத்தேன். நகம் தட்டினால் படி, லேசாக இறங்கி ஏறினால் பள்ளம். வாலில் இருந்தது பள்ளம், சூப்பர் குளூ. மூக்கில் இரண்டுமே தட்டின, 600 நம்பர் தாள்.

இப்படி ஐந்து சுற்று. மூன்றாவதற்குப் பிறகு எனக்கு இல்லாத கோடெல்லாம் தெரிய ஆரம்பித்தது. ஒரு நாள் முழுக்க மாடலைப் பார்க்காமல் இருந்துவிட்டு, மறுநாள் புதுக் கண்ணோடு பார்த்ததில் இரண்டு கோடு நிஜம், மற்றதெல்லாம் பிரமை.

தேய்த்ததில் அழிந்துபோன குறுக்குக் கோடுகளை, கெட்டியான லேபிள் டேப்பை வழிகாட்டியாக ஒட்டிக் கீறினேன். முதல் நான்கைந்து இழுப்பு ஊசியின் கனம் மட்டும் போதும், கையின் கனம் வேண்டாம். குளூவும் பிளாஸ்டிக்கும் சந்திக்கிற இடத்தில் ஊசி ஒருமுறை வழுக்கி, கோட்டை விட்டு விலகி ஒரு கீறல் போட்டது. அதற்கும் குளூ, பவுடர், இருபது நிமிடம்.

கடைசியாகக் காக்பிட்டின் முன்கண்ணாடி. அங்கே சூப்பர் குளூவைக் கொண்டுபோகவே கூடாது, அதன் ஆவி பட்டால் தெளிவான பிளாஸ்டிக் பனி படிந்ததுபோல வெளுத்துவிடும். வெள்ளைப் பசையில் ஒட்டினேன். அடியில் இருந்த சின்ன இடுக்குக்கும் அதே பசையைத் தூரிகையில் தொட்டு ஓடவிட்டு, ஈரக் குச்சியால் துடைத்தேன்.

வெள்ளிப் பூச்சு முடிந்து இன்றோடு ஏழு வாரம். பழைய மஸ்டாங்கையும் புதியதையும் அருகருகே வைத்து, வாரத்துக்கு ஒருமுறை டார்ச் அடித்துப் பார்க்கிறேன். முதுகில் கோடு வரவில்லை. தாடைக்குக் கீழே கூழ் ஊற்றிய இடத்தில் மட்டும் லேசாக ஒரு நிழல் தெரிகிற மாதிரி இருக்கிறது. விமானத்தைக் கவிழ்த்துப் பார்த்தால்தான் தெரியும். நான் கவிழ்த்துப் பார்க்கிறேன்.